வெசல், ரிமாண்ட், ரிபேட்ரியேஷன்: கடலோரச் செய்தி ஆங்கிலமும் லத்தீன் வேர்களும்

ராமேஸ்வரம் மீனவர்கள் நடுக்கடலில் பிடிபட்ட செய்தியைத் தமிழில் படிப்பவருக்கு ஒரு தடங்கலும் இல்லை. எல்லை தாண்டியதாகக் கைது, படகு பறிமுதல், காவல் நீட்டிப்பு, விடுதலை, தாயகம் திரும்புதல் என்று வரிசையாகப் புரிந்துவிடும். அதே செய்தியை ஆங்கில நாளிதழில் படிக்கும்போது தங்கச்சிமடத்துக் கல்லூரி மாணவருக்கும் நாலு வரிக்கு ஒருமுறை அகராதி தேவைப்படுகிறது. இத்தனைக்கும் அவருக்கு ‘போட்’ தெரியும், ‘நெட்’ தெரியும். ‘ஃபிஷ்’, ‘சீ’, ‘விண்ட்’, ‘ஷோர்’ எல்லாம் ஆரம்பப் பள்ளியிலேயே தெரியும். செய்தியில் இருப்பதோ ‘வெசல்’, ‘ட்ரெஸ்பாஸ்’, ‘டிடெயின்’, ‘ரிமாண்ட்’, ‘கான்ஃபிஸ்கேட்’, ‘ரிபேட்ரியேஷன்’.

இந்த இடத்தில்தான் ‘லத்தீன் வேர்ச்சொல் முறை’ வருகிறது. ஒரு வேரைப் படித்தால் நூறு சொல் கிடைக்கும் என்று போட்டித் தேர்வு வகுப்புகளிலும் யூடியூபிலும் சொல்லித் தருகிறார்கள். வாக்குறுதி கொஞ்சம் பெரிது. முறை வீண் அல்ல. அது எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும் என்று தெரிய, ஆங்கிலத்தின் பழைய கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆங்கிலத்தின் கீழ்மாடியும் மேல்மாடியும்

ஆங்கிலத்தின் அடித்தளம் லத்தீன் அல்ல. 5ஆம் நூற்றாண்டு முதல் வடகடல் கரையிலிருந்து பிரிட்டனுக்குக் குடியேறிய ஆங்கில, சாக்சன் மக்களின் ஜெர்மானிய மொழிதான் அது. போட், நெட், சால்ட், ஃபிஷ் எல்லாம் அவர்கள் கொண்டுவந்தவை. அவர்களும் கடற்கரைக்காரர்கள்தானே!

1066இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வில்லியம் படையெடுத்து இங்கிலாந்தைப் பிடித்தான். அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு ஏறி உட்கார்ந்தது. பிரெஞ்சு, லத்தீனின் மகள். நீதிமன்ற ஆவணங்களோ நேராக லத்தீனிலேயே எழுதப்பட்டன. 1733இல்தான் அந்த வழக்கம் சட்டப்படி முடிவுக்கு வந்தது. இடையில் 15ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு அறிஞர்கள் மருத்துவத்துக்கும் அறிவியலுக்கும் வேண்டிய சொற்களை லத்தீனிலிருந்து மூட்டை மூட்டையாக இறக்கினார்கள்.

நமக்கு இது புதிய அனுபவம் அல்ல. ஜாமீன், ஜப்தி, வக்கீல், ரத்து, தாசில்தார் எல்லாம் அரபு, பாரசீகச் சொற்கள். ஆண்டவர்களின் அலுவலக மொழியாக வந்து, ஆட்சி போன பிறகும் கச்சேரியை விட்டுப் போகவில்லை. ஆங்கிலத்தில் லத்தீனுக்கு நடந்தது இதேதான், இன்னும் பெரிய அளவில். 1973இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில் சுமார் 80,000 ஆங்கிலச் சொற்களைப் பிரித்துப் பார்த்தார்கள். லத்தீனிலிருந்து நேரே வந்தவை கால் பங்குக்கு மேல், பிரெஞ்சு வழியாக வந்தவை இன்னொரு கால் பங்குக்கு மேல். ஆனால் அன்றாடம் அதிகம் புழங்கும் முதல் நூறு சொற்களை எடுத்தால் ஏறக்குறைய எல்லாமே பழைய ஜெர்மானியச் சொற்கள்.

ஆக, வீட்டு ஆங்கிலம் கீழ்மாடி, அலுவலக ஆங்கிலம் மேல்மாடி. தொழுவத்தில் நிற்கும்போது ‘ஷீப்’, தட்டுக்கு வந்ததும் ‘மட்டன்’. முன்னது ஜெர்மானியம், பின்னது பிரெஞ்சு. மீனுக்கு மட்டும் அந்தப் பாகப்பிரிவினை நடக்கவில்லை: கடலிலும் ‘ஃபிஷ்’, தட்டிலும் ‘ஃபிஷ்’. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தை ‘வெர்டிகல் லிஃப்ட்’ பாலம் என்கிறார்கள். அதில் ‘வெர்டிகல்’ லத்தீன். ‘லிஃப்ட்’ வைக்கிங்குகள் என்ற கடலோடிகள் கொண்டுவந்த ஸ்காண்டிநேவியச் சொல். ஒரே பெயரில் இரண்டு மாடியும் இருக்கின்றன.

தங்கச்சிமடத்து மாணவர் தடுமாறுவது மேல்மாடியில். லத்தீன் வேர் உதவுவதும் அங்கே மட்டும்தான்.

ஒரு சொல்லை எங்கே உடைப்பது?

மேல்மாடிச் சொற்கள் பெரும்பாலும் மூன்று துண்டுகள் ஒட்டியவை.

1. முன்னொட்டு: திசையையோ மறுப்பையோ சொல்லும். ‘ரி’ என்றால் திரும்ப, ‘எக்ஸ்’ வெளியே, ‘டிரான்ஸ்’ அப்பால், ‘சப்’ அடியில், ‘கான்’ சேர்ந்து, ‘டி’ விலக்கி அல்லது கீழே.
2. வேர்: வேலையைச் சொல்லும்.
3. பின்னொட்டு: பெயரா வினையா உரிச்சொல்லா என்று சொல்லும். ‘ஷன்’ என்று முடிந்தால் பெரும்பாலும் செயலின் பெயர். ‘பிள்’ என்று முடிந்தால் ‘செய்யத்தக்க’.

‘போர்ட்டாரே’ என்ற லத்தீன் வினைக்குச் சுமத்தல் என்று பொருள். ரயில் நிலையத்துப் ‘போர்ட்டர்’ அதிலிருந்து வந்தவர். வெளியே சுமந்தால் எக்ஸ்போர்ட், உள்ளே சுமந்தால் இம்போர்ட், அப்பால் சுமந்தால் டிரான்ஸ்போர்ட், அடியில் நின்று சுமந்தால் சப்போர்ட், சேதியைத் திரும்பச் சுமந்து வந்தால் ரிப்போர்ட், நாட்டை விட்டு விலக்கிச் சுமந்தால் டிபோர்ட்.

‘உள்ளே’ என்பதற்கு முன்னொட்டு ‘இன்’ ஆயிற்றே, ‘இம்போர்ட்’ எப்படி வந்தது என்று கேட்கலாம். மரம் என்பதோடு கள் சேர்ந்தால் மரங்கள் ஆகிறதல்லவா? அதே கதைதான். அடுத்து வரும் ஒலிக்கு ஏற்றாற்போல முன்னொட்டின் கடைசி மெய் தன்னை மாற்றிக்கொள்கிறது. ‘கான்’ என்பது கலெக்டில் ‘கல்’ ஆகும், கரெக்டில் ‘கர்’ ஆகும். ‘அட்’ என்ற முன்னொட்டு அரெஸ்டில் ‘அர்’ ஆகும், அக்செப்டில் ‘அக்’ ஆகும். புணர்ச்சி விதி படித்த தமிழ் மாணவருக்கு இது எளிது. சொல்லிக்கொடுப்பவர்கள்தான் இதைத் தனித்தனி முன்னொட்டுகளாகப் பட்டியல் போட்டு மனப்பாடத்தைப் பெருக்குகிறார்கள்.

வேரும் வேஷம் மாற்றும். ‘அனுப்பு’ என்ற பொருள் கொண்ட வேர் வினையில் ‘மிட்’, பெயரில் ‘மிஷ்’. பர்மிட், பர்மிஷன், அட்மிட், அட்மிஷன். ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாமோடு சேர்ந்தே உச்சரிக்கப்படும் ‘மிஸைல்’ இதே குடும்பம்: அனுப்பப்படுவது, எறியப்படுவது. கடலுக்குப் போகுமுன் மீன்வளத் துறையிடம் வாங்கும் ‘டோக்கன்’ மட்டும் இந்த வகையறாவில் சேராது. அது அடையாளம் என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்; அலுவலகத்துக்குள் புகுந்துவிட்ட கீழ்மாடிக்காரன்.

செய்தியில் வரும் ஏழு சொற்கள்

இப்போது அந்தச் செய்தியை எடுத்துக்கொள்ளலாம்.

1. வெசல். லத்தீனில் ‘வாஸ்’ என்றால் பாத்திரம். சின்னப் பாத்திரம் ‘வாஸ்கெல்லும்’. அதுதான் பிரெஞ்சு வழியாக வெசல் ஆனது. ஆங்கிலத்தில் பாத்திரமும் வெசல், கப்பலும் வெசல். தமிழில் கலம் என்ற சொல்லுக்கும் இதே இரட்டைப் பொருள்: உண்கலமும் கலம், மரக்கலமும் கலம். உள்ளே குழிந்து எதையாவது தாங்கும் பொருளை இரண்டு மொழியும் ஒரே கண்ணால் பார்த்திருக்கின்றன. பூ வைக்கும் ‘வாஸ்’ இதன் உடன்பிறப்பு.

2. ட்ரெஸ்பாஸ். முதல் பாதி ‘டிரான்ஸ்’ என்பதன் பிரெஞ்சு வடிவம். இரண்டாம் பாதி ‘பாஸுஸ்’, அதாவது காலடி. அடியெடுத்து அப்பால் வைத்தல். 1974, 1976 ஒப்பந்தங்கள் வரைந்த கடல் எல்லையைப் பற்றிய செய்தியில் தமிழ் நிருபர் ‘எல்லை தாண்டி’ என்று எழுதுவது இந்தச் சொல்லின் உடலையே தமிழில் வைத்ததுபோல இருக்கிறது.

3. அரெஸ்ட். உள்ளே இருப்பது ‘ஸ்டாரே’, நிற்றல். ஓடுவதை நிறுத்துவது.

4. டிடெயின். வேர் ‘டெனேரே’, பிடித்திருத்தல். பிரெஞ்சு வாய்க்குள் போனதில் ‘டெய்ன்’ ஆகிவிட்டது. கன்டெய்னர் சேர்த்துப் பிடிப்பது. மெயின்டெய்ன் கையால் பிடித்திருப்பது. டெனன்ட் நிலத்தையோ வீட்டையோ பிடித்திருப்பவர். பெயர்ச்சொல் ஆனதும் பழைய வேர் தலைகாட்டும்: டிடென்ஷன்.

5. ரிமாண்ட். ‘மாண்டாரே’ என்றால் ஒருவர் பொறுப்பில் ஒப்படைத்தல். கை என்ற சொல்லும் கொடு என்ற சொல்லும் சேர்ந்து பிறந்ததாகக் கருதப்படும் வினை அது. மீண்டும் ஒப்படைத்தால் ரிமாண்ட். நீதிபதி முன் நிறுத்தப்பட்டவர் திரும்பவும் காவலுக்கே போகிறார். கமாண்ட், டிமாண்ட், மேண்டேட் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

6. கான்ஃபிஸ்கேட். ‘ஃபிஸ்குஸ்’ என்பது பின்னிய கூடை. அதில் பணம் வைத்தார்கள். கூடையே கருவூலம் என்று பொருள் மாறியது. அரசின் கூடைக்குள் ஒன்றைச் சேர்ப்பது கான்ஃபிஸ்கேட். பட்ஜெட் நாளில் கேட்கும் ‘ஃபிஸ்கல் டெஃபிசிட்’ இதே கூடையில் விழுந்த துண்டுதான். பனையோலைக் கொட்டானில் காசு போட்டுவைத்த ஊர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

7. ரிபேட்ரியேஷன். ‘பாட்டர்’ தந்தை, ‘பாட்ரியா’ தந்தையர் நாடு. அங்கே திரும்ப அனுப்புவது.

இடையில் வரும் ‘ரிலீஸ்’ ஒரு வேடிக்கை. அதுவும் ‘ரிலாக்ஸ்’ என்பதும் ஒரே லத்தீன் வினையிலிருந்து வந்தவை: மறுபடி தளர்த்துதல். ஒன்று பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்தது, மற்றது நேராக வந்தது.

மண்டபத்துப் பலகைகள்

பாம்பன் பாலத்துக்கு இந்தக் கரையில் உள்ள மண்டபம் ஊரில் சாலையோரம் நின்று பெயர்ப்பலகை படித்தாலே ஒரு பாடம் முடியும். ‘சென்ட்ரல் மரைன் ஃபிஷரீஸ் ரிசர்ச் இன்ஸ்டிடியூட்’ 1947இல் தொடங்கப்பட்டது. 1971இல் கொச்சிக்கு மாறும்வரை அதன் தலைமையகம் மண்டபம்தான். அந்தப் பெயரில் ‘மரைன்’ என்பது ‘மாரே’, கடல். ‘ரிசர்ச்’ சுற்றித் தேடுவது. சர்க்கஸ் வட்டமும் அதுவும் ஒரே வழி. ‘இன்ஸ்டிடியூட்’ நிறுவுவது. ‘சென்ட்ரல்’ கிரேக்கத்தில் கிளம்பி லத்தீன் வழியாக வந்தது. ‘ஃபிஷ்’ மட்டும்தான் வேறு வம்சம்.

பக்கத்தில் உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆய்வு நிறுவனத்தின் ‘மரைன் ஆல்கல் ரிசர்ச் ஸ்டேஷன்’. அங்கே நான்கு சொல்லும் லத்தீன் வழிதான். ‘ஆல்கா’ என்றால் கடற்பாசி, பன்மையில் ‘ஆல்கே’. பாசி எடுக்கப் போகும் பெண்கள் கையில் இருப்பது ஒரு செடி என்றால் ஆல்கா, ஒரு பை நிறைய என்றால் ஆல்கே. டேட்டா, பாக்டீரியா எல்லாம் இப்படி லத்தீன், கிரேக்கப் பன்மையோடு ஆங்கிலத்தில் தங்கிவிட்டவை.

சங்குக்கு அறிவியல் பெயர் ‘டர்பினெல்லா பைரம்’. ‘டர்போ’ என்றால் பம்பரம், சுழல். சங்கின் சுருளைப் பார்த்தவர் வேறு பெயர் வைத்திருக்க முடியாது. காற்றாலையின் டர்பைன், விமானத்தைக் குலுக்கும் டர்புலன்ஸ் இரண்டும் அதே சுழல்.

மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவில் 21 தீவுகள். தீவுக்கு லத்தீன் ‘இன்சுலா’. ஏறக்குறையத் தீவு என்றால் ‘பெனின்சுலா’, நாம் தீபகற்பம் என்பது. தீவாக ஒதுக்கிவைத்தால் ‘ஐசொலேட்’. மின்கம்பியைத் தீவாக்கினால் ‘இன்சுலேஷன்’. கணையத்தில் தீவுத் திட்டுகள்போல இருக்கும் செல்களிலிருந்து சுரப்பதால் ‘இன்சுலின்’.

‘மண்டபம் கேம்ப்’ என்பதில் உள்ள கேம்ப், ‘காம்புஸ்’ என்ற வெட்டவெளியிலிருந்து வந்தது. கல்லூரி வளாகத்தைச் சொல்லும் கேம்பஸும் அதுவே. அந்த முகாமில்தான் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்களை ‘குவாரன்டைன்’ வைத்தார்கள். அதற்கு நேர்பொருள் நாற்பது. கொள்ளைநோய்க் காலத்தில் வெனிஸ் துறைமுகத்தில் கப்பல்களை 40 நாள் வெளியே நிறுத்திய வழக்கம் சொல்லாக உறைந்துவிட்டது. லத்தீன் நாற்பதான ‘குவாட்ராகிந்தா’ இத்தாலியர் வாயில் ‘குவாரன்டா’ ஆனது.

கரையும் வாய்க்காலும்

எந்த வேரைப் படித்தாலும் படிக்காவிட்டாலும் ‘ரீபா’, ‘ரீவுஸ்’ இரண்டையும் படித்துவிட வேண்டும். ரீபா என்றால் கரை. ரீவுஸ் என்றால் ஓடை, வாய்க்கால்.

கரையை நோக்கி வருவது ‘அரைவ்’. முதலில் அது படகு கரை சேர்வதற்கு மட்டும் ஆன சொல். இன்று ரயிலும் அரைவ் ஆகிறது, விமானமும் ஆகிறது, பார்சலும் ஆகிறது. தமிழில் ‘அந்தப் பெண்ணைக் கரைசேர்த்துவிட்டேன்’ என்கிறோமே, அங்கே எந்தப் படகு? கடலிலிருந்து கிளம்பிய சொல் எல்லா மொழியிலும் ஊருக்குள் நடந்து வந்துவிடுகிறது.

‘ரைவல்’, அதாவது போட்டியாளர், வாய்க்காலிலிருந்து வந்தவர். ஒரே ஓடையில் தண்ணீர் எடுப்பவர்களை ரோமர்கள் ‘ரீவாலிஸ்’ என்றார்கள். ஒரே கண்மாயின் கடைமடைக்கு இரண்டு ஊர் காத்திருந்தால் என்ன நடக்கும் என்பது ராமநாதபுரம் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். வாய்க்காலை வெட்டித் தண்ணீரை வேறு பக்கம் திருப்புவது ‘டிரைவ்’ (derive). ஒன்றிலிருந்து இன்னொன்றைத் தருவித்தல். வண்டி ஓட்டும் ‘ட்ரைவ்’ (drive) இதற்கு உறவே இல்லை.

சரி, ‘ரிவர்’ எதிலிருந்து? யாரைக் கேட்டாலும் ஓடை என்றுதான் சொல்வார்கள். இல்லை, அது கரையிலிருந்து வந்தது. ஒலியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

துறைமுகத்துக்கு லத்தீன் ‘போர்ட்டுஸ்’. காற்று துறைமுகத்தைப் பார்த்து அடிக்கும் நேரத்தைப் பாய்மரக்காரர்கள் நல்ல நேரம் என்றார்கள்; ‘ஆப்பர்ச்சூனிட்டி’ என்ற சொல்லுக்குள் இருப்பது அந்தக் காற்று. வாடையும் கச்சானும் பார்த்துப் பாய் விரித்த தொண்டி, கீழக்கரை மரக்காயர்களுக்கு இந்தச் சொல்லை யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது. அதே கீழக்கரையிலிருந்து இன்று வளைகுடாவுக்குப் போகிறவர் கையில் உள்ள ‘பாஸ்போர்ட்’டில் கடக்கும் செயலும் துறைமுகமும் இருக்கின்றன, ‘விசா’ என்றால் ‘பார்க்கப்பட்டது’. வீடியோ, விஷன், எவிடென்ஸ் எல்லாம் அந்தப் பார்வையின் பிள்ளைகள்.

வேர் காலை வாரும் இடங்கள்

1. ‘இன்’ இரண்டு உண்டு. ஒன்று மறுப்பு, மற்றது உள்ளே. டேங்கர் லாரியின் பின்னால் ‘ஹைலி இன்ஃபிளேமபிள்’ என்று எழுதியிருப்பதை ‘தீப்பிடிக்காது’ என்று படித்தால் ஆபத்து. அங்கே ‘இன்’ மறுப்பு அல்ல. தீ உள்ளே பற்றிக்கொள்வது. இந்தக் குழப்பத்துக்குப் பயந்தே பின்னாளில் எச்சரிக்கைகளில் வெறும் ‘ஃபிளேமபிள்’ போடச் சொன்னார்கள். டீசல் கேன் ஏற்றும் படகுத்துறையில் இலக்கணத்தைவிட இது பெரிய விஷயம்.

2. முகம் ஒன்று, ரத்தம் வேறு. ‘போர்ட்ரெய்ட்’டில் சுமத்தலும் இல்லை, துறைமுகமும் இல்லை; வரைந்து இழுத்தல் என்ற வேறு வினை. ‘பெடஸ்ட்ரியன்’ லத்தீன் கால். ‘பீடியாட்ரிக்ஸ்’ கிரேக்கக் குழந்தை.

3. பொருள் நகர்ந்துவிடும். ‘டெகெம்’ என்றால் பத்து. தனுஷ்கோடியைப் புயல் அழித்த 1964 டிசம்பர் எப்படிப் பன்னிரண்டாம் மாதம்? பழைய ரோம நாட்காட்டி மார்ச்சில் தொடங்கியது. தொடக்கம் மாறியது, பெயர் மாறவில்லை. ‘கேண்டிடேட்’ என்றால் வெள்ளை உடுத்தியவர், ஏனென்றால் ரோமில் பதவிக்கு நின்றவர்கள் வெளுத்த அங்கி அணிந்தார்கள். அகராதிக்கு அந்தப் பொருள் போய்விட்டது. நம் வேட்பாளர்களுக்குப் போகவில்லை.

4. கதை கட்டுவார்கள். ‘சால்’ என்றால் உப்பு. ‘சேலரி’ அதிலிருந்து வந்தது சரி. ரோமப் படைவீரருக்கு உப்பையே கூலியாக அளந்தார்கள் என்பதற்கு மட்டும் உறுதியான பழைய சான்று இல்லை. சம்பா நெல்லும் உப்பைக் குறிக்கும் அளமும் சேர்ந்து சம்பளம் என்று இங்கேயும் ஒரு விளக்கம் சுற்றுகிறது. வாலிநோக்கம் உப்பளத்தில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் வழிச்செலவுக்கான உணவு என்ற பொருளில் ‘சம்பலம்’ சமஸ்கிருதத்தில் ஏற்கனவே உண்டு. அழகாகப் பிரிகிறது என்பது சான்று ஆகாது.

‘14 வேர், 14,000 சொல்’

இந்த வகை விளம்பரங்களின் மூலம் பழையது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் பிரவுன் சென்ற நூற்றாண்டில் 14 சொற்களைத் தேர்ந்தெடுத்தார். அவற்றுக்குள் இருக்கும் 20 முன்னொட்டுகளும் 14 வேர்களும் 14,000க்கு மேற்பட்ட அகராதிச் சொற்களில் வருகின்றன என்றார். கவனிக்க வேண்டியது ‘வருகின்றன’ என்பதை. ஒரு துண்டு சொல்லுக்குள் இருப்பது வேறு, அந்தத் துண்டால் பொருள் தெரிவது வேறு. ‘திரும்ப’, ‘ஒப்படை’ இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு ரிமாண்ட் என்றால் நீதிமன்றக் காவல் என்று யாராலும் ஊகிக்க முடியாது. பொருள் தெரிந்த பிறகு மறக்காமல் இருக்க அந்தத் துண்டுகள் உதவும். வேர் முதலில் ஞாபகத்துக்கான கருவி, ஊகம் அதன் பிறகுதான்.

படிக்கும் வரிசை

1. முன்னொட்டுகளை முதலில் முடியுங்கள். பன்னிரண்டு போதும். ஒரு வேரைவிட ஒரு முன்னொட்டு அதிகச் சொற்களில் வரும்.
2. வேர்ப் பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள். ஏற்கனவே வாயில் புழங்கும் பர்மிட், பாஸ்போர்ட், கன்டெய்னர், டிபாசிட் போன்றவற்றை உடைத்து, அவற்றின் உறவினர்களைத் தேடுங்கள்.
3. ஒரு நாளைக்கு ஒரு செய்தி. தெரியாத சொல்லுக்கு முதலில் வாக்கியத்திலிருந்து ஊகம், அப்புறம் வேரிலிருந்து ஊகம், கடைசியில் அகராதி. மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் அகராதி சொல்வதே சரி.
4. சொல்லின் பிறப்பைத் தரும் அகராதியாகப் பாருங்கள். பெரிய அகராதிகளில் பதிவின் தொடக்கத்திலோ முடிவிலோ அது சின்ன எழுத்தில் இருக்கும்.

அந்தச் சின்ன எழுத்தைச் சோதித்துப் பார்க்க முதல் சொல் ‘ஐலண்ட்’ ஆக இருக்கட்டும். எழுத்தில் ஓர் ‘எஸ்’ உண்டு, உச்சரிப்பில் இல்லை. இன்சுலாவின் மிச்சம் என்று தோன்றும். ஆனால் அது நல்ல ஜெர்மானியச் சொல். முதலில் அதில் ‘எஸ்’ கிடையாது. லத்தீன் வழி வந்த ‘ஐல்’ என்ற சொல்லோடு உறவு இருப்பதாக நினைத்து, பிற்காலத்தில் படித்தவர்கள் நடுவில் செருகிவிட்டார்கள்.